பஞ்சாட்சரம் சுட்ட கேளையாடு

"வேட்டை என்பது விளையாட்டல்ல, அது ஒரு தவம். காட்டுக்கும் வீரனுக்கும் ஆதிநாளில் எழுதப்பட்ட உடன்படிக்கை. கோழைகள் இந்த வாசலைத் தாண்ட வேண்டாம்."

பச்சைப் பெயின்டில் இப்படி எழுதிய பலகை ஒன்று, 1978-ஆம் வருஷத்தில், குடியாத்தத்தில் ஒரு பவர்லூம் கொட்டகையின் முகப்பில் தொங்கியது. கொட்டகைக்கும் வேட்டைக்காரர் சங்கத்துக்கும் வாசல் ஒன்றுதான். ஆகவே தவம் செய்ய வந்தவர்கள் முதலில் லுங்கிக் கட்டுகளைத் தாண்ட வேண்டியிருந்தது. சங்கத்தில் பதினொரு உறுப்பினர்கள். நான்கு பேரிடம் துப்பாக்கி இருந்தது. அந்த நான்கு பேரில் ஒருவர்தான் எதையோ சுட்டு வீழ்த்தியிருந்தார். அவர் கொட்டகையின் முதலாளியும் சங்கத்தின் தலைவருமான பஞ்சாட்சரம்.

அவர் சுட்டது அவருடைய கூடத்துச் சுவரில் இருந்தது. தலையோடு உரித்துப் பதனிட்ட செந்நிறத் தோல். அடியில் பித்தளைத் தகடு: "கேளையாடு. 1977." கேளையாடு என்பது நாய் குரைப்பதுபோலக் கத்துகிற சின்ன மான். மலைச்சரிவுப் புதரில் இருக்கும். மனித வாடை பட்டால் மறைந்துவிடும். அதைக் கண்ணால் பார்த்தவர்களே குடியாத்தத்தில் குறைவு. ஆகவே சுவரில் இருந்ததைக் கேளையாடு அல்ல என்று சொல்லக்கூடியவர்களும் குறைவு. இடது காதில் ஒரு வெட்டு இருந்தது. யாராவது கேட்டால், "சிறுத்தை கடிச்சது. அதுகிட்டருந்து தப்பிச்சிட்டுது, என்கிட்டருந்து தப்ப முடியல" என்பார் பஞ்சாட்சரம்.

அந்த வெட்டைப் போட்ட சிறுத்தையின் பெயர் தாயாரம்மாள்.

பேரணாம்பட்டுக்கு மேற்கே, மலையடிவாரத்தில் அவளுக்கு நான்கு ஏக்கர் வேர்க்கடலைக் கொல்லை. அப்பா வழியில் வந்தது. பட்டா அவள் பெயரில்தான். புருஷன் சம்பந்தம் பேரணாம்பட்டில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தான். குழந்தை குட்டி இல்லை. ஒரு செவலை ஆடு இருந்தது. மற்றவர்கள் ஆட்டோடு கலந்துவிடாமல் இருக்க இடது காதில் அவளே கத்தரித்து அடையாளம் வைத்திருந்தாள். அது அவள் கையால் கொடுத்தால்தான் தழை தின்னும். சம்பந்தம் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அவன் மேல் அடிக்கும் சுண்ணாம்பு நெடி அதற்குப் பிடிக்காது.

போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொல்லை மூலையில் ஆட்டைக் கட்டிவிட்டுச் சந்தைக்குப் போனாள். திரும்பி வந்தபோது முளைக்குச்சியில் கயிறு மட்டும் இருந்தது. நுனி கத்தியால் அறுபட்டிருந்தது. கடலைத் தாள் மேல் ரத்தம். கொல்லை நெடுக ஜீப் சக்கரத்தின் தடம். இரண்டு வெடிச் சத்தம் கேட்டதாகப் பக்கத்துக் கொல்லைக்காரர்கள் சொன்னார்கள். "ஒரே தோட்டா" என்று குடியாத்தத்தில் சொன்னார் பஞ்சாட்சரம். காட்டில் திரிகிற மிருகம் முளைக்குச்சியில் கட்டப்பட்டிருந்ததைப் பற்றி அவர் எங்கேயும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து அடுத்த வீட்டு பில்கிஸ் வந்து சொன்னாள். அவள் பீடி சுற்றுகிறவள். அவள் புருஷன் நசீர் அகமது, சம்பந்தம் வேலை செய்யும் அதே ஷாப்பில், தோல்களைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிக்கிறவர். முப்பது வருஷமாகத் தோலைத் தடவிய கை. இருட்டில் கொடுத்தாலும் இது ஆம்பூர்ச் சந்தை ஆடு, இது கர்நூல் ஆடு என்று சொல்லிவிடுவார்.

"அக்கா, குடியாத்தத்து மொதலாளி ஒரு தோலு அனுப்பிச்சிருக்கார். கேளையாடுன்னு சீட்டு எழுதி. எங்க வீட்டுக்காரர் தொட்ட உடனே சிரிச்சிட்டாராம். சுத்தமான வெள்ளாடு. காதுல உன் வெட்டு இருக்குது."

தாயாரம்மாள் அன்றைக்கே பஸ் ஏறிக் குடியாத்தம் போனாள். பஞ்சாட்சரம் அவளை உள்ளே விடவில்லை. கேட் கம்பி வழியாகவே பேசினார். "காட்டோரம் ஆட்டைக் கட்டினா சிறுத்தை அடிக்காம இன்னாம்மா பண்ணும்? பாவம், ஏழை. டேய், அந்தச் சாயம் போன லுங்கி ஒண்ணு எடுத்துக் குடுங்கடா."

லுங்கியை அவள் வாங்கிக்கொண்டு வந்தாள். சோளக்கொல்லைப் பொம்மைக்குக் கட்டிவிட்டாள். பொம்மைக்கு பஞ்சாட்சரம் என்று பெயர் வைத்து, காலையில் முதல் வேலையாக அதன் முகத்தில் துடைப்பத்தால் ஒன்று வைத்துவிட்டுத்தான் வாய் கொப்பளித்தாள்.

அறுந்த கயிற்றை வீட்டுக்குள் ஆணியில் மாட்டினாள். வேறு ஆடு பிடிக்கலாம் என்றான் சம்பந்தம்.

"அது என் ஆடுன்னு அவன் வாயால சொல்லணும். நாலு பேர் எதிர்ல சொல்லணும். அப்புறம்தான் இந்த ஆணியில இருந்து கயிறு இறங்கும்."

"பெரிய எடம் தாயாரு. விட்டுடேன்" என்றான் சம்பந்தம். அதன் பிறகு அந்த வருஷம் முழுக்க அவன் இந்த விஷயத்தில் இதைத் தவிர வேறு எதையும் சொல்லவில்லை.

அவள் விடவில்லை. கொல்லைக்குள் நுழைகிற இடத்தில் ஏழு கன்னிமார் கற்கள் இருந்தன. வெள்ளிக்கிழமை தோறும் விளக்கு வைத்து, ஏழு பேருக்கும் ஒரே மனுவைக் கொடுத்தால் ஒருத்தி மேல் ஒருத்தி பழி போட்டுச் சும்மா இருந்துவிடுவார்கள் என்று, வேலையைப் பிரித்துக் கொடுத்தாள். மூத்தவள் அவருடைய தறியை நிறுத்த வேண்டும். அடுத்தவள் பல்லைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாமவளுக்கு முழங்கால். இப்படியே போய், ஆறாமவளுக்கு மூலம். ஒரு வருஷத்தில் பஞ்சாட்சரம் இன்னும் நான்கு தறி வாங்கிப் போட்டார், பற்கள் பளபளத்தன, முழங்காலை மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். ஆறாவது இலாகா பற்றித் தகவல் இல்லை. ஏழாமவளுக்குத் தாயாரம்மாள் வேலை எதுவும் குறித்துக் கொடுக்கவில்லை. "உனக்குத் தோணினதச் செய்டி" என்று விட்டிருந்தாள். அந்தக் கார்த்திகையில் வனத்துறை ரேஞ்சர் வீரபாகு மாற்றலாகி வந்தார்.

வீரபாகுவுக்கு மனைவி மக்கள் உண்டு. ஆனால் அவர் வாழ்ந்தது சட்டப் புத்தகத்தோடுதான். காலையில் பல் துலக்கும்போதே விதிகளை முணுமுணுப்பார் என்று அவருடைய ஃபாரஸ்ட் கார்டுகள் சொன்னார்கள். வந்த வாரத்திலேயே இரண்டு பக்க நோட்டீஸ் ஒன்றை அச்சடித்து, பஸ் ஸ்டாண்டிலும் ரேஷன் கடையிலும் தோல் ஷாப்புகளின் கேட்டிலும் ஒட்ட வைத்தார். யாருமே படிக்காமல் தாண்டிப் போன அந்த நோட்டீஸில் ஒன்றைக் கிழித்து, பீடி இலை மடிக்க உதவும் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தவள் பில்கிஸ். மடிக்கும்முன் படித்துப் பார்த்தாள். படித்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"தாயாரக்கா, கேளு. வேட்டை சீசன் வருதாம். காப்புக்காட்டுல யாரும் சுடக்கூடாது. பட்டா நிலத்துலதான் சுடலாம். அதுவும் நெலத்துக்குச் சொந்தக்காரங்க எழுதிக் குடுத்தாதான்."

"யாரு எழுதிக் குடுத்தா?"

"நீ."

தாயாரம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள். "இன்னொருவாட்டி படி."

"பொழுது விடியறதுக்கு முன்னால, பொழுது போனதுக்கு அப்புறம் சுடக்கூடாது. வண்டியில ஒக்காந்துகினு சுடக்கூடாது. லைசன்ஸ்ல எழுதியிருக்கிற மிருகத்தத் தவிர வேற எதையும் சுடக்கூடாது. மீறினா துப்பாக்கி பறிமுதல், கேஸு."

"கேளையாடு லைசன்ஸ்ல இருக்குமா?"

"இவங்களுக்கெல்லாம் முயல், கவுதாரி, காடை. அவ்ளோதான்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பில்கிஸ்தான் முதலில் சிரித்தாள்.

அதே வாரத்தில் பஞ்சாட்சரமும் சீசனுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். மெட்ராஸிலிருந்து வேதாசலம் என்கிற பெரிய அதிகாரியை விருந்தாளியாக அழைத்திருந்தார். அவர் மனது வைத்தால் மாநில அளவில் ஒரு வேட்டைச் சங்கம் அமையும்; அமைந்தால் அதற்குத் தலைவர் வேண்டும்; தலைவர் என்றால் ஒரு தோற்றம் வேண்டும். தோற்றத்துக்காக ஆம்பூருக்கு மூன்று முறை போய்வந்தார். முழங்கால் வரை ஏறும் பூட்ஸ். நாலு விரல் அகல இடுப்புப் பட்டை. மார்பில் குறுக்கே மாட்ட, இருபத்து நான்கு தோட்டா செருகும் வார். துப்பாக்கிக்குத் தோல் வார், தண்ணீர்ப் புட்டிக்குத் தோல் உறை, தொப்பியில் தோல் பட்டை, கைக்குத் தோலுறை. எல்லாம் ஒரே நிறம், ஒரே பளபளப்பு. முழு உடையில் கண்ணாடி முன் நின்றபோது, அவர் மனைவி கமலவேணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "நடந்தா நரநரங்குது. முயலுக்குக் காது இருக்குதுங்க" என்றாள். அவர் பொருட்படுத்தவில்லை.

சுடுவதற்கு இடம் வேண்டும். கடலை பிடுங்கிய கொல்லையில் சிந்திய பருப்புக்குக் கவுதாரியும் முயலும் வரும். மலையை ஒட்டி இருந்த அப்படிப்பட்ட கொல்லை தாயாரம்மாளுடையது. போன வருஷமாக இருந்தால் ஜீப்பை விட்டிருப்பார். இந்த வருஷம் வீரபாகு இருந்தார். விருந்தாளி முன்னால் வில்லங்கம் வரக்கூடாது.

ஆகவே ஒரு நாள் மதியம் பஞ்சாட்சரம் அவள் வீட்டு வாசலுக்கே வந்தார். இந்தத் தடவை கேட் கம்பி இல்லை.

"தாயாரம்மா, சௌக்கியமா? ஆடு கீடு வாங்கினியா?"

"எங்க மொதலாளி. சிறுத்தை பயம்."

"அது சரி. ஒரு சின்ன சம்மதம் எழுதித் தரணும். பெரிய மனுஷர் ஒருத்தர் வர்றார். உனக்கும் ஒரு நல்ல லுங்கி… இல்ல, பொடவை எடுத்தாரச் சொல்றேன்."

"பொடவைலாம் வாணாம் மொதலாளி. நீங்க வீரரு. எங்க கொல்லைக்கு வர்றதே பெருமை. பில்கிஸ் எழுதுவா, நான் கைநாட்டு வெக்கிறேன். நீங்களும் ஒத்துக்கினு கையெழுத்துப் போடணும்."

சம்பந்தம் ஷாப்பிலிருந்து வந்து, கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தவன், கழுவிக்கொண்டே இருந்தான்.

பில்கிஸ் எழுதியது இதுதான்: "சென்ற வருஷம் மார்கழி மாதம் எனது இதே பட்டா நிலத்தில், ஒரே தோட்டாவில் கேளையாட்டைச் சுட்டு வீழ்த்திய வீரர் திரு. பஞ்சாட்சரம் அவர்கள், இந்த வருஷமும் மேற்படி நிலத்தில் வேட்டையாடச் சம்மதிக்கிறேன். நிபந்தனை: ரேஞ்சர் உத்தரவுப்படியும், கன்னிமார் கட்டுப்பாட்டின்படியும் நடந்துகொள்ள வேண்டியது."

பஞ்சாட்சரம் படித்தார். இரண்டாம் முறை படித்தார். வில்லங்கம் தேடி அல்ல, முதல் வரிக்காக. பிறகு பேனாவை எடுத்து, "கேளையாட்டை" என்பதற்கு முன்னால் இடம் பார்த்து, "ஓடிக்கொண்டிருந்த" என்று தன் கையாலேயே சேர்த்துவிட்டு, வால் நீண்ட கையெழுத்து ஒன்றைப் போட்டார்.

"நல்லா எழுதியிருக்கிறே பாப்பா. எந்த இஸ்கூலு?" என்று பில்கிஸைப் பாராட்டவும் செய்தார்.

வேட்டை நாள் வந்தது. விடியும் முன்னே வீரபாகு இரண்டு கார்டுகளோடு கன்னிமார் கல்லருகே நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சாட்சரத்தின் ஜீப் வந்தது. ரோட்டிலேயே நிறுத்தச் சொன்னார். நாய் ஒன்று குதித்தது. திரும்ப ஏற்றச் சொன்னார். சூரியன் வரவில்லை. வரும்வரை நிற்கச் சொன்னார். இருபது நிமிஷம் எல்லோரும் பனியில் நின்றார்கள். மெட்ராஸ் வேதாசலம் கான்வாஸ் ஷூவும் நூல் மப்ளருமாகக் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றார். பஞ்சாட்சரம் மட்டும் நரநரத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்து, தவத்தைப் பற்றி அவருக்கு எடுத்துச் சொன்னார்.

சேதி பரவியிருந்தது. ஊர்ப் பெண்கள் பீடி முறத்தோடு வந்து வரப்பில் உட்கார்ந்தார்கள். கை சுற்றிக்கொண்டிருந்தது, கண் இங்கே இருந்தது. சங்க உறுப்பினர்கள் பத்துப் பேரும் தலைவருக்குப் பின்னால் நின்றார்கள். காலை ஷிப்டுக்குப் போக வேண்டிய சம்பந்தத்தை, "நீயும் இருந்து பாரு" என்று தாயாரம்மாள் நிறுத்தி வைத்திருந்தாள். அவன் கொல்லைக் கிணற்றடியில் தள்ளி நின்றான்.

சூரியன் வந்தது. பஞ்சாட்சரம் வலது காலைத் தூக்கினார்.

"மொதலாளி, நில்லுங்க" என்றாள் தாயாரம்மாள். "கன்னிமார் கல்லுத் தாண்டித் தோலு போவக்கூடாது."

"இன்னா?"

"தோலு. செத்த மிருகத்துத் தோலு கன்னிமாருக்கு ஆவாது. எங்க ஊட்டுக்காரரே ஷாப்புலருந்து வந்தா செருப்ப வெளிய விட்டுட்டு, குளிச்சிட்டுத்தான் உள்ள வருவாரு. ஊருக்கே தெரியும்."

வரப்பில் இருந்த பெண்கள் ஆமாம் என்றார்கள். உண்மைதான். அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் தோல் ஷாப்பில் வேலை செய்தார்கள். எல்லோரும் அந்தக் கல்லுக்கு முன்னால் செருப்பைக் கழற்றினார்கள். செருப்புக்கு மேல் போவதற்கு அவர்களிடம் தோல் சாமான் எதுவும் இருந்ததில்லை. ஆகவே இடுப்புக்கும் மார்புக்கும் கட்டுப்பாடு பொருந்துமா என்கிற கேள்வி அதுவரை எழவில்லை.

பஞ்சாட்சரம் ரேஞ்சரைப் பார்த்தார். "சார், இது மூடநம்பிக்கை."

"சம்மதப் பத்திரத்துல நிபந்தனையா இருக்குதா?"

"இருக்குதுங்க சாமி" என்றாள் பில்கிஸ்.

"அப்ப நம்பிக்கைதான்" என்றார் வீரபாகு.

முதலில் பூட்ஸ். அதைக் கழற்ற இரண்டு உறுப்பினர்கள் ஆளுக்கொரு கால் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. கையுறை. தொப்பி, பட்டையைப் பிரிக்க முடியாததால் தொப்பியே போனது, உள்ளே வழுக்கையில் வரி வரியாக ஒட்டி வைத்திருந்த முடி வெயில் பார்த்தது. தண்ணீர்ப் புட்டி. துப்பாக்கி வார். மார்பு வாரைக் கழற்றியதும் தோட்டாக்களை எதில் போடுவது என்று தெரியவில்லை. யாரோ ஒரு கல்யாண வீட்டு மஞ்சள் பையைக் கொடுத்தார்கள். "சுபம்" என்று போட்டிருந்தது.

"இடுப்புல" என்றாள் தாயாரம்மாள்.

"அது… அது இல்லன்னா நிக்காதும்மா."

"கன்னிமாரு பொம்பளைங்க மொதலாளி. அவங்க ஒண்ணும் நெனச்சிக்க மாட்டாங்க."

வரப்பு முழுக்க முறங்கள் குலுங்கின. வேதாசலம் மலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. பஞ்சாட்சரம் பட்டையை உருவிவிட்டு, இடது கையால் கால்சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையில் துப்பாக்கியும் முழங்கையில் மஞ்சள் பையுமாகக் கல்லைத் தாண்டினார். பத்தடிக்குள் முள் குத்தியது. முள்ளை எடுக்கக் கையில்லை.

அப்போதுதான் தாயாரம்மாள் மடியிலிருந்து அந்தக் கயிற்றை எடுத்தாள். அன்று காலையில்தான் ஆணியிலிருந்து இறக்கியிருந்தாள்.

"இந்தாங்க. இத்தக் கட்டிக்குங்க. கெட்டிக் கயிறு. ஆடு கட்டினது."

அவர் அவளைப் பார்த்தார். அவள் கண்ணைச் சிமிட்டக்கூட இல்லை. ஒரு வருஷமாக ஒருவரை இப்படிப் பார்க்க வேண்டும் என்று காத்திருந்த கண். அவர் கயிற்றை வாங்கி இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டார். நுனி, அறுபட்ட பக்கம், முன்னால் தொங்கியது.

"இனிமே போலாமா?" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"பத்திரத்தை ஒரு தடவை சரி பாத்துடலாம்" என்றார் வீரபாகு. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். முதல் வரி வந்ததும் பஞ்சாட்சரம் அந்தக் கோலத்திலும் சற்று நிமிர்ந்தார். வீரபாகு அந்த வரியிலேயே நின்றார். திரும்பவும் படித்தார்.

"மிஸ்டர் பஞ்சாட்சரம், இது உங்க கையெழுத்தா?"

"ஆமா சார். 'ஓடிக்கொண்டிருந்த'ன்றதும் நானே எழுதினதுதான்."

"போன வருஷ லைசன்ஸ்ல உங்களுக்கு முயல், கவுதாரி, காடை. கேளையாடு எங்க இருக்குது?"

பஞ்சாட்சரம் இடுப்புக் கயிற்றை இறுக்கிக்கொண்டார்.

"தாயாரம்மா, போன வருஷம் இந்த நெலத்துல சுட இவருக்குச் சம்மதம் குடுத்தியா?"

"யாரு கேட்டாங்க சாமி?"

"ஜீப்பு?"

"கொல்லை நடுவுல வந்துது."

வீரபாகுவின் முகத்தில், பல வருஷம் கோயில் கோயிலாக அலைந்தவனுக்குச் சாமி நேரில் வந்ததுபோல ஒரு வெளிச்சம் பரவியது. விரல் விட்டு எண்ணினார். "லைசன்ஸ் இல்லாத மிருகம். சம்மதம் இல்லாத நெலம். வண்டி. மூணு குத்தம். எழுத்து மூலமா ஒத்துக்கிட்டிருக்கீங்க. கார்டு, துப்பாக்கிய வாங்கு. தோலு எங்க இருக்குது? கூடத்துலயா? ஜீப்ப எடு, அதையும் கொண்டாந்துடலாம்."

வேதாசலம் பஞ்சாட்சரத்தின் பக்கத்திலிருந்து இரண்டடி நகர்ந்தார். யோசித்து இன்னும் ஓரடி நகர்ந்தார்.

"சார், ஒரு நிமிஷம் சார்" என்றார் பஞ்சாட்சரம். குரல் இறங்கிவிட்டது. "அது… கேளையாடு இல்ல சார்."

"பின்ன?"

"ஆடு."

"எந்த ஆடு? வரையாடா? அப்படின்னா நேரா ஜெயிலு."

"ஐயோ! வெள்ளாடு சார். வீட்டு ஆடு."

"யாரு வீட்டு ஆடு?"

பஞ்சாட்சரம் பின்னால் திரும்பிப் பார்த்தார். சங்க உறுப்பினர்கள் பத்துப் பேரும் கால் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரப்பில் ஒரு பீடி கூடச் சுற்றப்படவில்லை.

"தாயாரம்மா ஆடு" என்றார்.

"மொதலாளி, எனக்குக் காது கொஞ்சம் கம்மி" என்றாள் அவள். "ஒரக்கச் சொல்லுங்க."

"உன் ஆடும்மா! உன் ஆடுதான்!"

"சிறுத்தை?"

"சிறுத்தை இல்ல. நான்தான்."

"ஓடிக்கொண்டிருந்ததா?" என்று கேட்டார் வீரபாகு, பத்திரத்தைப் பார்த்து.

"கட்டியிருந்துது."

"எத்தினி தோட்டா?"

"ரெண்டு. மொதல்து படல."

முதலில் பில்கிஸ். பிறகு வரப்பு முழுக்க. பஞ்சாட்சரம் கூட்டி வந்த ஜீப் டிரைவர் வாயைப் பொத்திக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போனான். தாயாரம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. மூச்சை இழுத்து விட்டாள். கன்னிமார் கற்களைப் பார்த்து, ஏழாவதுக்கு மட்டும் ஒரு கும்பிடு போட்டாள்.

அவள் கேட்டது கிடைத்துவிட்டது. அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் வீரபாகு வாய்ச் சொல்லை நம்புகிறவரல்ல. கேஸுக்குப் பயந்து கேளையாட்டை வெள்ளாடு என்று சொல்கிறாரோ என்று சந்தேகப்பட்டார். ஆதாரம் கேட்டார்.

"சமைச்சீங்களா?"

"அன்னிக்கு ராத்திரியே எங்க வீட்டுல விருந்து சார்."

"அப்ப சாப்பிட்டவங்கதான் சாட்சி. பேரைச் சொல்லுங்க. வெள்ளாட்டுக் கறிதான்னு ஒவ்வொருத்தரும் கையெழுத்துப் போடணும்."

ஒரு வருஷமாக அந்தக் கறியின் காட்டு மணத்தைப் பற்றிப் பேசிவந்த உறுப்பினர்கள் மெல்ல ஜீப்பை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். கார்டுகள் மறித்தார்கள்.

"பேருங்கள ஒரக்கப் படிங்க சாமி" என்றாள் தாயாரம்மாள். அவளுக்கு இப்போதுதான் பசி முழுதாக எடுத்திருந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கன்னிமார் கல்லுக்கு முன்னால் ஒரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டு நின்றாள். "என் ஆட்டத் தின்னவன் யாரு யாருன்னு ஊரு கேக்கட்டும். ஒருத்தனையும் வுட மாட்டேன்."

பஞ்சாட்சரம் சொல்லச் சொல்ல வீரபாகு எழுதினார். எழுதியதை உரக்கப் படித்தார். செங்கல்வராயன், சங்கச் செயலாளர். "அவன் நாக்கு அழுவ" என்று மண்ணைத் தூற்றினாள் தாயாரம்மாள். செயலாளரின் மைத்துனர். "அவன் கொடலு வேவ." அரிசி மண்டிக்காரர் ஒருவர். "தின்ன கையி வெளங்காமப் போவ." இரண்டு உறுப்பினர்களுக்குச் சேர்த்து ஒரே பிடியாக வயிற்றில் இறக்கினாள். வரப்பிலிருந்த பெண்கள் ஒவ்வொன்றுக்கும் "அப்படிப் போடு" என்றார்கள்.

"அவ்ளோதானா?" என்றார் வீரபாகு.

"இன்னொரு ஆளு இருக்குது சார்" என்றார் பஞ்சாட்சரம். ஒரு பேரையும் மறைக்கிற நிலையில் அவர் இல்லை. "தோலை எடுத்துகினு போகச் சொல்லி ஷாப்புக்கு ஆளனுப்பினேன். அங்கருந்து ஒருத்தர் வந்தார். உப்புத் தடவி மடிச்சிக் கோணியில கட்டினார். சாப்பாட்டு நேரமாச்சேன்னு அவருக்கும் ஒரு எல போட்டோம்."

"பேரு?"

பஞ்சாட்சரத்துக்குப் பெயர் தெரியாது. கையை நீட்டிக் காட்டினார்.

தாயாரம்மாள் அடுத்த பிடி மண்ணை அள்ளியிருந்தாள். கை நீண்ட திசையைப் பார்த்தாள். கிணற்றடியில் சம்பந்தம் நின்றிருந்தான்.

அவன் அன்றைக்கு ஈரலை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருந்தான்.